தழும்பில்லாத உடம்பு

அப்பாதுரை மாமா குளியலறைக்குள் போனால் முதலில் குழாயைத் திறப்பார். பிறகுதான் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். நான் மருமகளாக வந்த புதிதில் இது நேர்மாறாக இருந்தது. தாழ்ப்பாள் முதலில் விழும். குழாய் கடைசியில் திறக்கும். எந்த வருடம் வரிசை மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. மாறியதைக் கவனித்தது அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

ஆஸ்டின் டவுனில் எங்களுடையது இரண்டு குடும்பம் சேர்ந்து இருக்கும் வீடு. முன்பக்கம் மாமாவும் சாந்தகுமாரி அக்காவும். பின்பக்கம் நானும் என் வீட்டுக்காரர் நாகேஷும். நாகேஷுக்கு அப்பாதுரை கூடப்பிறந்த அண்ணன். குளியலறை நடுவில், இரண்டு பேருக்கும் பொது. கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். டிரம்மில் பிடித்து வைத்ததைச் சொம்பு சொம்பாகச் செலவு செய்ய வேண்டும்; குளியலறைக் குழாயும் அந்த டிரம்மோடு இணைத்ததுதான். நான் துணி அலசும்போது இரண்டு சொம்பு கூடுதலாக எடுத்தால் மாமா வாசலில் நின்று கேட்பார்.

"இன்னா அத்திபெலே, உங்க ஊர் ஏரின்னு நெனச்சியா?"

நான் அத்திபெலேயிலிருந்து வந்தவள். என் பெயர் பிரபா. இருபது வருடத்துக்கு மேல் அவர் வாயில் என் பெயர் வந்ததில்லை. அத்திபெலே என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் ஓசூர்க்காரி என்பார், அது இன்னும் ஒரு படி கீழே என்று அவர் நினைப்பு. அப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு வெகுநேரம் நிற்பார். தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வாளி நிறையும் நேரம் போன பிறகு, சொட்டுச் சொட்டாக ஏதோ கேட்கும். நான் பின்பக்கச் சுவரை ஒட்டிப் பாத்திரம் தேய்ப்பவள். அவருக்குச் சிறுநீர் இறங்கவில்லை, தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் இறங்குகிறது, அதை யாரும் அறியக் கூடாது என்று நினைக்கிறார் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

யாரும் அறியக் கூடாது என்று அவர் நினைத்ததற்குக் காரணம் கரகம்.

மாமா மிலிட்டரி டிப்போவில் மூட்டை தூக்கி ரிட்டயரானவர். கழுத்து மரத்தூண் மாதிரி. ஆடி கடைசி வெள்ளியில் எங்கள் அம்மன் கோவில் பூங்கரகத்தை அவர்தான் எடுப்பார். கிரவுண்டு பக்கத்துக் கிணற்றடியில் குடத்தைத் தலையில் ஏற்றினால், ஆளுயரப் பூவோடு தெருத்தெருவாகச் சுற்றிக் கோவிலில் இறக்கும்வரை கை படக் கூடாது, நடுவில் எங்கேயும் இறக்கக் கூடாது. அன்றைக்கு மட்டும் தெருவே அவர் காலில் விழும். மற்ற நாளில் அவரை யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது.

அந்தக் கரகம் அவருக்கு வந்த கதையும் நல்ல கதை இல்லை. அதற்கு முன்னால் எடுத்தவர் அவருடைய பெரியப்பா மகன் கோவிந்தராஜன். அவருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனது. கத்தி பட்ட உடம்பில் கரகம் நிற்காது என்பது எங்கள் கோவில் வழக்கம். கோவிந்தராஜன் வெளியில் சொல்லாமல் அடுத்த ஆடிக்கும் எடுக்க வந்து நின்றார். மாமா கூட்டத்தின் நடுவில் போய் அவர் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். அன்றைக்கு நான் கல்யாணமாகி வந்த புதுசு. கோவிந்தராஜன் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கூட்டத்தை விட்டுப் போனதைப் பார்த்தேன். அவர் நடந்து போகும்போது மாமா பின்னாலிருந்து சொன்னார்: "தையல் பிரிஞ்சிடப் போவுது, மெதுவா போங்கண்ணா."

நாலு பேர் சிரித்தார்கள்.

போன வருடம் கரகம் வந்தபோது இன்னொன்றும் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் மஞ்சள் தண்ணீரைக் கரகக்காரர் காலில் ஊற்றுவோம். எங்கள் வாசலுக்கு வந்ததும் மாமா, "கால்ல இல்ல, இடுப்புல ஊத்துங்கடி," என்றார். அம்மன் சூடு தாங்கவில்லை என்று எல்லாரும் குலவையிட்டார்கள். நான் குனிந்து ஊற்றினேன். நான் ஊற்றுவதற்கு முன்பே வேட்டி நனைந்திருந்தது. தலை அசையாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி என்னைப் பார்த்தார். நான் இன்னொரு சொம்பு எடுத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு அவருக்கு என் மேல் இருந்த வெறுப்பு ஜாஸ்தியானதே தவிரக் குறையவில்லை.

இந்த வருடம் சித்திரையில் அவருக்குச் சளி பிடித்தது. மெடிக்கல் கடையில் ஏதோ சிரப் வாங்கிக் குடித்தார். மறுநாள் மத்தியானம் குளியலறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. டிரம் காலியாகிக் காற்றுச் சத்தம் வந்தது. சாந்தகுமாரி அக்கா கதவைத் தட்டினார். திறந்தபோது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றார். வயிறு குடம் மாதிரி இருந்தது. நாகேஷ் வாசலில் பல்குத்திக்கொண்டு நின்றார்.

"இன்னொரு டிரம் பிடிச்சு வெக்கட்டுமா ணா? அதுக்குள்ள வந்துரும்."

நானும் அக்காவும் ஆட்டோ பிடித்தோம். ஆஸ்பத்திரியில் சிறுநீர் வழியில் குழாய் விட்டதும் அதில் மாட்டிய பை நிறைந்தது. சிரப்பில் இருந்த மருந்துதான் ஏற்கெனவே நெருக்கி இருந்த வழியை மொத்தமாக அடைத்துவிட்டது என்றார்கள். மாத்திரை கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் குழாயை எடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அடைத்துக்கொண்டது. மறுபடி குழாய்.

டாக்டர் மஞ்சுநாத் கன்னடக்காரர், ஆனால் தமிழ் பேசுவார். படத்தைக் காட்டிச் சொன்னார்.

"உள்ள இருக்கறது கட்டிதான் பெரியவரே. ஆனா கெட்ட கட்டி இல்ல. டெஸ்ட் எல்லாம் பார்த்தாச்சு, கேன்சர் இல்ல. வயசானா ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி வளரும். உங்களுக்கு ரொம்ப வளர்ந்து வழிய நெருக்கிருச்சு. மாத்திரை இனி பத்தாது."

"கத்தி வெப்பீங்களா?"

"வெளிய ஒரு கீறல் கூட இருக்காது. மூத்திரம் வர்ற வழியாவே சின்னக் குழாய் விட்டு, லேசர்ல அடைப்பை எடுத்துருவோம்."

"தையலு?"

"இல்ல."

"தழும்பு?"

"எங்கிருந்து வரும்?"

"லேசர்னா இன்னா சார், இரும்பா?"

"வெளிச்சம்."

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பது அபூர்வம். "கேட்டுக்கினியா அத்திபெலே? வெளிச்சமாம்."

டாக்டர் மேலும் சொன்னார். கொஞ்ச நாள் சிறுநீரில் ரத்தம் தெரியும், பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குக் கனம் தூக்கக் கூடாது.

"மூட்டை தூக்கற வேலைல இருந்து ரிட்டயராயிட்டேன் சார்," என்றார் மாமா. கரகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. ஆடி கடைசிக்கு இன்னும் நாள் இருந்தது என்று கணக்குப் போட்டிருப்பார்.

அதற்குள் நாகேஷ் தெருவில் ஆரம்பித்துவிட்டார். டீக்கடையில், சலூனில், கோவில் வாசலில் எல்லா இடத்திலும் அண்ணனுக்கு ஆபரேஷன் என்ற பேச்சு. இந்த வருடம் கரகம் தம்பிதான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று அவரே வருத்தத்தோடு சொல்வார். வீட்டில் தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார்.

மாமா அதற்கு ஒரு வழி செய்தார். காப்புக் கட்டிய ஆளை மாற்றக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். வழக்கமாக ஆடி முதல் வெள்ளியில்தான் காப்பு. மாமா ஆனி நடுவிலேயே பூசாரி ரங்கநாதனிடம் போய், இந்தத் தடவை ஒரு மண்டலம் விரதம் இருக்கப் போகிறேன் என்றார். பூசாரிக்குச் சந்தோஷம். மஞ்சள் கிழங்குத் துண்டு வைத்த கயிற்றை வலது மணிக்கட்டில் கட்டினார். எங்கள் பூசாரி முடிச்சுப் போட்டால் நுனியை உள்ளே மடக்கிச் செருகிவிடுவார். வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. திருவிழா முடிந்து அவர் கையாலேயே தண்ணீரில் வைத்து அவிழ்ப்பார். காப்பை அவிழ்க்கலாம், அறுக்கக் கூடாது. அறுந்தால் அந்த வீட்டுக்கே அந்த வருடம் கரகம் இல்லை.

கற்பூரம் காட்டும்போது மாமாவின் வேட்டிக்குள் தொடையில் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை கட்டியிருந்தது. எனக்கும் அக்காவுக்கும் தெரியும். அக்கா அம்மனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காப்புக் கட்டியவர் கோவில் எல்லையைத் தாண்டக் கூடாது. ஓசூர் ரோடு ஒரு பக்கம், விவேக் நகர் சர்ச்சுக்குப் போகும் ரோடு ஒரு பக்கம். ஆஸ்பத்திரி எல்லைக்குள்ளேதான் இருந்தது. அதையும் அவர் யோசித்து வைத்திருந்தார். காப்புக் கட்டியவர் மனைவி வீட்டு விளக்கை விட்டு நகரக் கூடாது. அதனால் அக்கா வர முடியாது. தம்பியை அவர் கூப்பிட மாட்டார், கூப்பிட்டாலும் தம்பி வர மாட்டார். கூட இருக்க நான்தான் போனேன்.

"வந்து ஒரு மூலைல குந்து. டாக்டர்கிட்ட வாயத் தொறக்காத," என்றார்.

ஆபரேஷன் அன்று காலை, பச்சைக் கவுன் போட்டு ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள். நர்ஸ் ஆஞ்சலா விவேக் நகர்ப் பெண். சுறுசுறுப்பு, வாயும் ஜாஸ்தி. அரைஞாண் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பிறகு மணிக்கட்டைப் பிடித்தார்.

"தாத்தா, இதுவும் போணும்."

"அத்தத் தொடாத. சாமிக் கயிறு."

"தியேட்டருக்குள்ள கயிறு போவாது தாத்தா. அழுக்கு சேரும். எங்க மாதா கயிறு கட்டியிருந்தாலும் அவுக்கத்தான் சொல்லுவோம்."

"இரு, நானே அவுக்கறேன்."

இடது கையில் ஊசி குத்தி டியூப் ஒட்டியிருந்தது. அந்தக் கையால் நுனியைத் தேடினார். அது உள்ளே மடங்கிக் கிடந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். ஆஞ்சலா பாக்கெட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, அவர் இன்னொரு வார்த்தை சொல்வதற்குள் வெட்டிவிட்டார். மஞ்சள் துண்டோடு கயிற்றைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, "சாமி சமாச்சாரம், பத்திரமா வெச்சுக்கோங்கக்கா," என்று என்னிடம் கொடுத்தார்.

மாமா என்னைப் பார்த்தார். "அத்திபெலே. நீ ஒண்ணும் பாக்கல."

கவரை இடுப்பில் செருகிக்கொண்டேன். தள்ளிக்கொண்டு போனார்கள்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்துத்தான் செய்தார்களாம். வெளியே வந்தபோது விழித்துக்கொண்டுதான் இருந்தார். இரண்டாவது நாள் குழாயை எடுத்தார்கள். கக்கூஸுக்குப் போனார். நான் வெளியே நின்றேன். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறக்கவில்லை. அவருக்கு வந்துகொண்டிருந்த சத்தம் வெளியே எனக்குக் கேட்டது. அவர் வெளியே வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், "இங்க இன்னா வேல உனக்கு?" என்றார்.

கயிற்றைத் திருப்பிக் கேட்டார். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. மஞ்சள் துண்டு புதுசு, முனை உடையாமல் பளபளவென்று இருந்தது. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆடி பிறந்ததும் கோவிலில் கூட்டம் போட்டார்கள். நாகேஷ் பிராது கொடுத்திருந்தார். பூசாரி ரங்கநாதன் நடுவில் உட்கார்ந்தார். கோவிந்தராஜன் இப்போது கமிட்டித் தலைவர். பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் கொடிமரத்துக்குப் பின்னால் நின்றோம்.

"அண்ணனுக்கு ஆபரேஷன் ஆச்சு," என்றார் நாகேஷ். "கத்தி பட்ட உடம்பு. நம்ம வழக்கத்த நான் மாத்த முடியாது. எனக்கும் மனசு கஷ்டம்தான்."

"உன் கஷ்டத்த தலாணி வெச்சு நடந்து காட்டினியே, அப்பவே பாத்தேன்," என்றார் மாமா. "கத்தி இல்லடா. வெளிச்சம். டாக்டர்கிட்ட போய்க் கேளு."

"உள்ள இருந்தத எடுத்தாங்களா இல்லியா?"

"மலம் கூடத்தான் உள்ள இருந்து வருது. தெனம் ஆபரேஷனா?"

கூட்டத்தில் சிரிப்பு. கோவிந்தராஜன் சிரிக்கவில்லை.

"முதுவுல ஊசி போட்டாங்களாமே தொரை. ஊசியும் இரும்புதான்."

"ஊசி கணக்குன்னா கொரோனாவுல குத்திக்கினது யாரு கணக்கு? பூசாரி குத்திக்கினாரு, நீங்க குத்திக்கினீங்க. அம்மனுக்குக் கதவ சாத்திட்டு எல்லாரும் வீட்டுக்குப் போலாமா?"

பூசாரி தன் தோளைத் தடவிக்கொண்டார். கோவிந்தராஜன் விடவில்லை.

"அன்னிக்கு என் சட்டையத் தூக்கினியே."

"தூக்கினேன். தழும்பு இருந்துது. காட்டினேன்." மாமா எழுந்தார். சட்டையைக் கழற்றி வீசினார். வேட்டியையும் அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு அண்டர்வேரோடு நின்று சுற்றிலும் திரும்பினார். அதன் நாடாவையும் பிடித்தார். "வாங்கண்ணா. வந்து தேடுங்க. எங்க வேணா தேடுங்க. ஒரு கோடு காட்டிடுங்க, நான் போயிடறேன். டேய் நாகேஷு, நீயும் வாடா, உனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமே."

பெண்கள் திரும்பிக்கொண்டார்கள். நான் திரும்பவில்லை. அறுபது வயதைத் தாண்டிய உடம்பு அது. ஒரு கீறல் இல்லை. கோவிந்தராஜன் எழுந்து பக்கத்தில் போய் உண்மையாகவே அடிவயிற்றை உற்றுப் பார்த்தார். கை அவரை அறியாமல் தன் வயிற்றில் தழும்பிருந்த இடத்தில் இருந்தது. ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வேட்டியக் கட்டு தொரை," என்றார் பூசாரி. "கூட யார் இருந்தது ஆஸ்பத்திரில?"

"அவ," என்று நாகேஷ் என்னைக் காட்டினார். அவருக்கு ஒரு நம்பிக்கை; பெண்டாட்டி புருஷன் பக்கம் பேசுவாள் என்று.

பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். "வாம்மா. உடம்புல கத்தி பட்டுதா?"

அத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. கற்பூரத்தின் மேல் கை வைத்தேன். "இல்லீங்க. உடம்புல கத்தி படல."

நாகேஷ் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மாமா வேட்டியைக் கட்டியபடியே சொன்னார்: "ஆச்சா? இதுக்குப் போய் இவள கேக்கணுமா? அத்திபெலேல மாடு மேய்ச்சுக்கினு இருந்தவளுக்கு இன்னா தெரியும். போ, போய்ப் பாத்திரத்தத் தேய்."

நான் போகவில்லை. கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"காப்பத்தான் வெட்டினாங்க," என்றேன்.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துத் தட்டில் வைத்தேன். பூசாரி கவரைப் பிரித்துக் கயிற்றை வெளியே எடுத்தார். அவர் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது, நுனி உள்ளே மடங்கி. அதற்குப் பக்கத்தில் கயிறு நேராக வெட்டுப்பட்டிருந்தது. எழுந்து போய் மாமாவின் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். நீட்டிக்கொண்டிருந்த நுனியை விரலால் ஒருமுறை தொட்டார்.

"இது நான் கட்டினது இல்ல."

மாமா என்னைப் பார்த்தார். அவர் வாயசைவில் என் பெயர் வரும் போலிருந்தது. வரவில்லை.

நாகேஷ் முன்னால் வந்து நின்றார். "அப்ப நான் எடுக்கறேன். எனக்குக் கட்டுங்க சாமி."

"காப்பு அறுந்த வீட்டுக்கு இந்த வருஷம் கரகம் இல்ல," என்றார் பூசாரி.

"அவரு வேற, நான் வேற. தனித்தனிச் சமையல்."

"பாத்ரூம் ஒண்ணுதானே?" என்றார் கோவிந்தராஜன். இந்தத் தடவை சிரித்தது அவர்.

கரகம் கோவிந்தராஜன் மகன் ஹரிஷ்குமாருக்குப் போயிற்று. எலக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை, நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய கழுத்து. கரகத்தன்று கிணற்றடியிலிருந்து நாலு வீடு வருவதற்குள் கை இரண்டு தடவை குடத்துக்குப் போனது. யாரும் பார்க்காதது போல இருந்தார்கள். மாமா ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தார். எங்கள் வாசலில் சாந்தகுமாரி அக்கா ஊற்றவில்லை. நான்தான் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன், காலில் மட்டும்.

இப்போது மாமா என்னோடு பேசுவதில்லை. அத்திபெலே என்றும் கூப்பிடுவதில்லை. என் வீட்டுக்காரரும் பேசுவதில்லை; கரகத்தைக் கைக்கு எட்டாமல் செய்தவள் என்று அவரும் வெளியில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் மட்டும் இப்போது ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். மாமாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. குளியலறைக்குள் போனதும் தாழ்ப்பாள் முதலில் விழுகிறது, குழாய் கடைசியில் திறக்கிறது. அடுத்த கார்ப்பரேஷன் தண்ணீர் வரும்வரை டிரம்மில் தண்ணீர் இருக்கிறது.